வந்தியத்தேவன் யாருக்குச் சொந்தம்?
ரசிகர் கதை எழுதப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள்? பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், வீட்டிலுள்ள போட்டோக்களை எல்லாம் ஒரே போல்டரில் கொட்டி வைப்பார்கள். இரண்டாவது மாதம் தமிழில் டைப் செய்யப் பழகுவார்கள். டைப்பிங் கைக்கு வந்ததும் பலருக்கும் ஒரு ஆசை தலைதூக்கும். நாமும் ஒரு கதை எழுதினால் என்ன?

எழுத உட்கார்ந்தால் முதலில் மனதில் வருவது பெரும்பாலும் புத்தம் புதிய கதையாக இருக்காது. என்றோ படித்து மயங்கிய ஒரு கதையின் மிச்சமாகத்தான் இருக்கும். பொன்னியின் செல்வன் முடிந்த பிறகு வந்தியத்தேவன் எப்படி வாழ்ந்தான்? நந்தினி எங்கே போனாள்? சுஜாதாவின் கணேஷும் வசந்தும் இன்றைக்கு ஒரு சைபர் கிரைம் வழக்கை எடுத்தால் எப்படி இருக்கும்?

இப்படி, வேறொருவர் படைத்த கதையின் மீதுள்ள பிரியத்தால் அதன் பாத்திரங்களை வைத்து வாசகர் எழுதும் கதைக்கு ரசிகர் கதை என்று பெயர். ஆங்கிலத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் என்பார்கள். இதற்கு என்ன மதிப்பு? இதை எழுதுகிறவர்களுக்கும் வியாபாரம் செய்கிறவர்களுக்கும் என்ன உறவு? எழுதியதை இன்டர்நெட்டில் ஏற்றும் முன் எதைக் கவனிக்க வேண்டும்? இந்த மூன்றையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

நமக்கு இது புதிதா?

பெயர்தான் புதிது, வேலை பழையது. நான் குலசேகரன்பட்டினத்துக்காரன். எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் தசராவைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நவராத்திரியில் பக்தர்கள் காப்புக் கட்டிக்கொண்டு காளி, ராமர், கிருஷ்ணர், அனுமன், குறவன், குறத்தி, போலீஸ் என்று விதவிதமாக வேஷம் போடுவார்கள். ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குவார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடக்கும் சூரசம்ஹாரத்துக்கு வந்து சேர்ந்து, வாங்கிய காணிக்கையைக் கோயிலில் செலுத்துவார்கள்.

இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. காளி வேஷம் போட யாரும் யாரிடமும் உரிமை வாங்குவதில்லை. கிரீடம் செய்கிறவர், சடைமுடி விற்கிறவர், துணி தைக்கிறவர் எல்லோருக்கும் அது வியாபார சீசன். வேஷம் போட்டவர் மட்டும் வாங்கிய காணிக்கையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கதை பொது, வேஷம் காணிக்கை, அதைச் சுற்றி வியாபாரம். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரசிகர் கதை உலகமும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது.

எழுத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. திருநெல்வேலியில் படித்து வளர்ந்த புதுமைப்பித்தன் 1943-ல் ‘சாபவிமோசனம்’ என்ற சிறுகதையை எழுதினார். ராமனின் காலடி பட்டுக் கல் பெண்ணான அகலிகை அதன் பிறகு எப்படி வாழ்ந்தாள் என்பது கதை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் அதே ராமன்தான் என்று சீதையின் வாயாலேயே கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்ற கருத்தில் கதையின் தலைப்பிலேயே ஒரு குறிப்பும் வைத்தார். புதுமைப்பித்தனை ரசிகர் கதை எழுதியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தெரிந்த கதையை எடுத்துக்கொண்டு, மூலம் கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்கும் முறை இதுதான்.

அடுத்தது பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்த கதை. பிறகு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் விடாமல் கேட்டதால் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. அதிலும் வாசகர் ஆசை அடங்கவில்லை. பின்னாளில் விக்கிரமன் அதன் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். இவை அச்சேறி விலைக்கு வந்த நாவல்கள். நோட்டுப் புத்தகத்திலும் கம்ப்யூட்டரிலும் எழுதி நண்பர்களுக்குள் படித்துக்கொண்டவர்களுக்குக் கணக்கே கிடையாது.

எழுதுவதால் என்ன லாபம்?

‘அடுத்தவன் கதையை எழுதுவது ஒரு எழுத்தா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மூன்று பதில்கள்.

முதலாவது, பயிற்சி. புதிதாக எழுத வருகிறவர் பாத்திரம், ஊர், காலம், சம்பவம், உரையாடல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்க வேண்டும். ரசிகர் கதையில் பாதி வேலை முடிந்திருக்கிறது. வந்தியத்தேவன் வாய்த்துடுக்கு உள்ளவன், ஆழ்வார்க்கடியான் வாதத்துக்கு இழுப்பவன் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் உரையாடலை மட்டும் கவனித்துப் பழகலாம். பாத்திரம் தடம் மாறினால் படிக்கிற நண்பரே உடனே சொல்லிவிடுவார். இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம்.

இரண்டாவது, ஆழமான வாசிப்பு. தொடர்ச்சி எழுத நினைக்கிறவர் மூலத்தை மூன்று முறையாவது படிப்பார். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி எழுதப் போகிறவர் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ராஜராஜன் காலத்து அந்தக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கதையில் தொடங்கியவர் சரித்திரத்தில் போய் நிற்பார்.

மூன்றாவது, ஓரத்தில் நிற்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு. பெரிய கதைகளில் பூங்குழலி, மணிமேகலை போன்றவர்கள் வந்து மனதைத் தொட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து அதே சம்பவத்தை எழுதினால் கதை வேறு முகம் காட்டும்.

வியாபாரம் எங்கே வருகிறது?

மணிரத்னம் இயக்கிய பொன்னியின் செல்வன் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-லும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-லும் வெளியாயின. தொடர் தொடங்கி 72 ஆண்டுகள் கழித்து ஒரு படம் எடுக்கும்போது, கதை தெரிந்த கூட்டம் தியேட்டர் வாசலில் தயாராக நின்றது. அந்தக் கூட்டத்தை எந்த விளம்பரக் கம்பெனியும் உருவாக்கவில்லை. இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்த பாட்டிகளும், அதைப் படித்துவிட்டுத் தொடர்ச்சி எழுதிய பேரன்களும் சேர்ந்து உருவாக்கியது. ரசிகர் உழைப்பு என்பது வியாபாரத்துக்குக் கிடைக்கும் சம்பளமில்லாத உழைப்பு.

ஆனாலும் வியாபாரத்துக்கு ரசிகரைக் கண்டால் சில சமயம் பயம். 2007-ல் கொல்கத்தாவில் ஒரு சம்பவம். சால்ட் லேக் பகுதியில் ஒரு துர்கா பூஜைக் குழுவினர் ஹாரிபாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் வடிவத்தில் பந்தல் போட்டார்கள். கதாசிரியர் ஜே.கே. ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய் 20 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டார்கள். நீதிமன்றம் அந்த ஆண்டுப் பூஜை முடியும்வரை பந்தல் இருக்கட்டும் என்றது. இனிமேல் அனுமதி இல்லாமல் இப்படிச் செய்யக்கூடாது என்றும் சொன்னது. எங்கள் ஊர் தசராவும் அந்தப் பூஜையும் ஒரே நவராத்திரி நாட்களில் நடப்பவைதான். காளிக்கு வக்கீல் இல்லை, ஹாரிபாட்டருக்கு உண்டு. வித்தியாசம் அவ்வளவே.

பயத்தை விட்டு, லாபம் பார்க்க வந்த நிறுவனங்களும் உண்டு. 2007-ல் அமெரிக்காவில் ஃபேன்லிப் என்ற இணையதளம் ரசிகர் கதைகளைத் திரட்டிப் பணம் பண்ணத் தொடங்கியது. விளம்பர வருமானம் கம்பெனிக்கு, சட்டச் சிக்கல் வந்தால் எழுதியவருக்கு என்றிருந்த ஏற்பாட்டை ரசிகர்கள் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது. எதிர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே 2007-ல் லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அது நடத்தும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற கதைக் களஞ்சியம் 2009-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. 2019-ல் அறிவியல் புனைகதைக்கான புகழ்பெற்ற ஹியூகோ விருதுகளில் ஒன்று அந்தத் தளத்துக்குக் கிடைத்தது.

2013-ல் அமேசான் வேறு வழியில் முயன்றது. கிண்டில் வேர்ல்ட்ஸ் என்ற திட்டத்தில், உரிமையாளர்களிடம் முறையாக அனுமதி வாங்கிய சில கதைகளுக்கு மட்டும் ரசிகர்கள் எழுதலாம். 10,000 சொற்களுக்கு மேல் எழுதினால் நிகர வருமானத்தில் 35 சதவீதம் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நிபந்தனையையும் கேளுங்கள். எழுதியவர் புதிதாக உருவாக்கிச் சேர்த்த பாத்திரத்தை மூலக் கதையின் உரிமையாளர் கூடுதலாக எதுவும் தராமலே பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தத் திட்டம் 2018-ல் நிறுத்தப்பட்டது.

பணம் கொழித்த கதையும் இருக்கிறது. ட்வைலைட் நாவலுக்கு ரசிகர் கதை எழுதிய ஈ.எல். ஜேம்ஸ் பெயர்களை மாற்றி அதை 2011-ல் பெரியவர்களுக்கான காதல் நாவலாக வெளியிட்டார். ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற அந்த நாவல் வரிசை 10 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 2021-ல் தென்கொரியாவின் நேவர் நிறுவனம் வாட்பேட் என்ற கதைத் தளத்தைச் சுமார் 60 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தத் தளத்துக்கு இத்தனை மதிப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சாதாரண வாசகர்கள் காசு வாங்காமல் எழுதி ஏற்றிய கதைகளிலிருந்து.

ஜப்பானில் இன்னொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1975 முதல் டோக்கியோவில் காமிகெட் என்ற சந்தை நடக்கிறது. ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட சித்திரக் கதைகளை அங்கே விற்கிறார்கள். பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன. நாளைய ஓவியர்கள் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கிளாம்ப் என்ற புகழ்பெற்ற ஓவியர் குழு அப்படி வந்ததுதான்.

இவற்றிலிருந்து தெரிவது ஒன்றே. ரசிகர் கதையும் வியாபாரமும் பக்கத்துப் பக்கத்துக் கடைபோல நன்றாகவே வாழலாம். ரசிகர் மூலத்தின் விற்பனையைத் தன் பக்கம் திருப்பக்கூடாது. வியாபாரி ரசிகரின் காணிக்கையைத் தன் சரக்காக எழுதிக்கொள்ளக்கூடாது. இதில் எது மீறப்பட்டாலும் தகராறுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு கதையைத் தழுவி எழுதும் உரிமையும் மூல உரிமையாளரைச் சேர்ந்தது. எழுத்தாளர் மறைந்த ஆண்டு முடிந்த பின் 60 ஆண்டுகளுக்கு இந்த உரிமை நீடிக்கும். எளிதாகப் புரிய மூன்று அலமாரிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

திறந்த அலமாரி: கல்கி 1954-ல் மறைந்தார். 60 ஆண்டுக் கணக்கு 2014 டிசம்பர் 31-ல் முடிந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கிவிட்டது. புதுமைப்பித்தன் நூல்களும் அப்படியே. வந்தியத்தேவனை வைத்து நீங்கள் எழுதலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். ஒரு எச்சரிக்கை: கதை பொதுவானதால் அதற்கு மணியமும் மற்ற ஓவியர்களும் வரைந்த படங்களும் பொதுவாகிவிட்டன என்று நினைக்க வேண்டாம். ஓவியத்துக்குத் தனி உரிமை உண்டு.

பூட்டிய அலமாரி: சுஜாதா 2008-ல் மறைந்தார். அவர் எழுத்துக்கான உரிமை 2068 டிசம்பர் 31 வரை இருக்கும். கணேஷ், வசந்தை வைத்து எழுதி வீட்டில் வைத்துக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. விற்க வேண்டுமானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ‘நான் காசு வாங்கவில்லையே’ என்பது மட்டுமே முழுப் பாதுகாப்பு ஆகாது. பல உரிமையாளர்கள் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் உண்மை.

சினிமா அலமாரி: திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்த பின் 60 ஆண்டுகள். பொன்னியின் செல்வன் முதல் பாகப் படத்துக்கு 2082 முடிய உரிமை இருக்கிறது. கல்கியின் வந்தியத்தேவனை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். படத்தின் ஸ்டில்லை அட்டையில் போடக்கூடாது. படத்துக்காகப் புதிதாக எழுதப்பட்ட வசனத்தையும் எடுக்கக்கூடாது.

ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். கல்கியின் வந்தியத்தேவன் எல்லோருக்கும் சொந்தம். திரையில் பார்த்த வந்தியத்தேவனுக்கு உரிமையாளர் இருக்கிறார். நீங்கள் எழுதும் வந்தியத்தேவனின் வசனங்களும் காட்சிகளும் உங்களுக்குச் சொந்தம். இந்தக் கடைசி வரியைத்தான் புதிதாக எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எழுதத் தொடங்கலாமா?

1. விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

2. லிப்ரே ஆபிஸ் என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்த இணையதளத்திலிருந்து டவுன்லோட் செய்யுங்கள். அதிலுள்ள ரைட்டரில் யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்யுங்கள். பழைய பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பைல் புரியாத குறிகளாகத் தெரியும்.

3. பொன்னியின் செல்வன் மூலத்தை மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1998-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் மின்பதிப்பாக்கி வருகிறார்கள்.

4. உங்கள் கதையின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள் எழுதுங்கள். மூலக் கதை எது, யார் எழுதியது என்பது முதல் வரி. இதில் நானாகச் சேர்த்த பாத்திரங்கள் இன்னின்னார் என்பது இரண்டாவது. இந்தக் கதையைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்பது மூன்றாவது. மூன்றாவது வரிக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கைகொடுக்கும். ‘என் பெயரைச் சொல்ல வேண்டும், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது’ என்பது போன்ற நிபந்தனைகளை அதில் தேர்ந்தெடுக்கலாம்.

5. பைலின் பெயரில் தேதியைச் சேர்த்து சேவ் செய்யுங்கள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி உங்கள் ஈமெயிலில் இருக்கட்டும். தளம் மூடப்பட்டாலும் கதை உங்கள் கையில் இருக்கும்.

‘ஐ அக்ரீ’ அழுத்தும் முன்

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். ஒரு பட்டனை எங்கே வைத்தால் பயனாளர் படிக்காமல் அழுத்துவார் என்பது எங்கள் துறைக்கு நன்றாகத் தெரியும். பக்கம் பக்கமாக நிபந்தனை, கடைசியில் பளிச்சென்று ஒரு பட்டன். அங்கே ஐந்து நிமிடம் நின்று இவற்றை மட்டும் தேடுங்கள்.

தளம் கேட்பது உரிமமா, உரிமையேவா? உரிமம் என்றால் வாடகைக்கு விடுவது. உரிமையையே எழுதிக் கொடுப்பது வீட்டை விற்பது. கொடுக்கும் அனுமதி அந்தத் தளத்துக்கு மட்டுமா, வேறு எங்கும் வெளியிடக்கூடாது என்கிறார்களா? எத்தனை ஆண்டுக்கு? சினிமா, ஆடியோ, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்தா? செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க உங்கள் கதையைப் பயன்படுத்துவார்களா? வழக்கு வந்தால் செலவு யார் தலையில்? நீங்கள் விலகினால் கதையை நீக்குவார்களா?

நம் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான விஷயங்களும் உள்ளன. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ள வேண்டும். உரிமையை விற்ற பிறகும் ‘இதை எழுதியவன் நான்’ என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். ஆகவே யாராவது ஒப்பந்தம் நீட்டினால் காலம், இடம் என்ற இரண்டு கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரிய தொகையோ பெரிய நிறுவனமோ என்றால் ஒரு வக்கீலிடம் காட்டுவது நல்லது.

கதையைக் காணிக்கையாகக் கொடுப்பது உங்கள் விருப்பம். நல்ல விருப்பமும்கூட. ஆனால் யாருக்கு, எதற்காக, எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பதுதான் காணிக்கை. தெரியாமல் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

இந்த மாதப் பயிற்சி: பொன்னியின் செல்வனில் உங்களுக்குப் பிடித்த ஒரு சிறிய பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். நாவலில் அவர் கடைசியாகத் தோன்றிய காட்சிக்கு மறுநாள் காலையில் என்ன நடந்தது என்று 500 சொற்களில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் மேலே சொன்ன மூன்று வரிகளை மறக்காமல் சேருங்கள். இரண்டு இடங்களில் சேவ் செய்துவிட்டு, கதை தெரிந்த ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் ‘அதற்கப்புறம்?’ என்று கேட்டால் பயிற்சியில் நீங்கள் தேறிவிட்டீர்கள்.